குருமனையின் படிவம்

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிவில் செக்ரட்டரி தனபால் வாத்தியார் அறிவிப்பு வாசித்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. பேராயரிடமிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். ஒவ்வொரு சேகரத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஓர் ஊழியம் தொடங்க வேண்டுமாம். "நம்ம சபையில் இந்த ஊழியத்தை ஐயரம்மா முன்னின்று நடத்துவார்கள்" என்று வாசித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை விசிறிக்கொண்டிருந்தேன்.

அறிவிப்பை எழுதிக் கொடுத்தது இவர், இந்தச் சபையின் குருவானவர், என் கணவர். இருபத்துநாலு வருடத்தில் ஐயரவர்கள் என்னைக் கேட்காமல் எடுத்த முடிவுகளை எழுதத் தனி நோட்டு போட வேண்டும்.

"வேற ஆளே கிடைக்கலியா?" என்றேன் சாப்பாட்டு நேரத்தில்.

"நீ செஞ்சா சரியா இருக்கும்னு தோணுச்சு." ரசத்தைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. ரசத்தில் உப்பு கூடியிருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

நாங்கள் குடியிருக்கும் குருமனை வராந்தாவில் முதல் கூட்டம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஜாய் டீச்சரும் இன்னும் நாலு பேரும். அழையாமலே வந்தவர் சாலமோன் டெய்லர். சிறு வயதில் போலியோ. மூன்று சக்கர வண்டியில் வருவார். நாக்கு மட்டும் நன்றாக ஓடும்.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது என்று முடிவாயிற்று. நான் படிவம் எழுதினேன். முதல் மூன்று கேள்விகள் பெயர், தெரு, வீட்டில் எத்தனை பேர். நான்காவது: உங்கள் குடும்பத்தில் மாற்றுத்திறனாளிகள் உண்டா? ஐந்தாவது: அவர்கள் ஆலயத்துக்கு வராததற்குக் காரணம் என்ன? அதற்குக் கீழே படிக்கட்டு, வாகனம் இல்லை, நோய் என்று மூன்று கட்டம் போட்டிருந்தேன்.

"நாலாவதா ஒண்ணு சேருங்க" என்றார் சாலமோன். "வீட்டார்னு போடுங்க."

"அது என்ன காரணம்?" என்று ஜாய் டீச்சர் கேட்டார்.

"பெரிய காரணமே அதுதான டீச்சர். எங்க அப்பா என்னய பதினாலு வயசு வர வாசலத் தாண்ட விடல. ஊரு சிரிக்கும்னாரு. ஊரு சிரிச்சுதோ என்னமோ, நான் பாக்கல. உள்ளல்லா இருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'வீட்டார்' என்று எழுதிக் கட்டம் போட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டும் அந்த ஒரு கட்டம் கோணலாகிவிட்டது.

ஜூன் 14, இரண்டாம் சனி

நாகர்கோவில் பஸ். கூட்டம். பியூலாவைப் பார்த்துவிட்டு வந்தேன். முறுக்கு முழுவதையும் தின்றாள். நல்ல இடம், நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மோட்டார் ரிப்பேர், வந்ததும் கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

படிவத்தை எப்படி நிரப்புவது என்று ஜாய் டீச்சர் குழுவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. மாதிரிக்கு நம் வீட்டையே எடுத்துக்கொண்டேன். படிவம் எண் 1. குருமனை. வீட்டில் இருப்பவர்கள் இரண்டு, வெளியூரில் படிக்கும் மகன் ஒன்று.

நான்காவது கேள்வி: இல்லை.

பேனா நன்றாகவே எழுதியது. அதைக் கரும்பலகையில் ஒட்டிவைத்து, இதைப்போலத் தெளிவாக எழுதுங்கள் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

முந்நூற்றுப் பத்து வீடு. பதினோரு பேர் கிடைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக இந்த ஊரில் இருக்கிறோம், இதில் எட்டுப் பேரை நான் பார்த்ததே இல்லை. பண்டிகைக்கும் இல்லை, அசன விருந்துக்கும் இல்லை. அசனச் சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு அவசரமாகப் போகிற பெண்களைப் பார்த்து, பந்தியில் உட்காரக் கௌரவம் இடம் தரவில்லை போலும் என்று நினைத்திருக்கிறேன். உட்காரவைத்து ஊட்ட வீட்டில் ஒருவர் இருந்திருக்கிறார்.

அவர்களில் ஒருத்தி கனகபாய். கணவர் இறந்துவிட்டார். பீடி சுற்றிப் பிழைக்கிறாள். மகன் ஆசீருக்கு இருபத்திரண்டு வயது. ஐந்து வயதுப் பிள்ளையின் பேச்சு. கோயில் மணி அடித்தால் வீட்டுக்குள்ளிருந்து பதில் சத்தம் கொடுப்பானாம். தெருவில் போகிறவர்கள் நாய் என்று நினைப்பார்கள் என்றாள். அழாமல் சொன்னாள். எனக்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"செப்டம்பர்ல பேராயர் வந்து திடப்படுத்தல் குடுக்காவளாமே. என் பிள்ளைக்கும் கிடைக்குமா ஐயரம்மா? ஒரு தடவயாவது அவன் கையில அந்த அப்பத்த வாங்கணும். நான் கண்ண மூடுறதுக்குள்ள."

திடப்படுத்தல் பெற்றவர்களுக்குத்தான் நற்கருணை அப்பம். கிடைக்கும் என்றேன். முதலில் ஞாயிறுதோறும் கூட்டிக்கொண்டு வா என்றேன். தலையை ஆட்டினாள். வருவாள் என்று நினைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வரவில்லை.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் ஒன்றை எழுதிவைக்கிறேன். பியூலா என் மகள். பதினேழு வயது. நாலு வயதில்தான் நடந்தாள், பேச்சு பத்து வார்த்தை. ஏழு வயதில் நாகர்கோவிலில் அந்த விடுதியில் சேர்த்தோம். அப்போது இருந்த சேகரத்தில் ஒரு கமிட்டி மெம்பர் இவரிடம் கேட்டார்: "ஐயர் வீட்டுலயே இப்படின்னா, நாங்க ஜெபத்துக்கு யாருகிட்ட போறது?" அந்த ஆள் பெயரைச் சொல்லி ஜெபிக்க எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது வரவேற்புக் கூட்டத்தில் "ஐயரவர்களுக்கு ஒரே மகன்" என்று வாசித்தார்கள். நானும் இவரும் மாலையோடு நின்றுகொண்டிருந்தோம். யாரோ தவறாக எழுதிக் கொடுத்தது. திருத்த ஒரு நிமிடம் போதும். கைதட்டல் முடியட்டும் என்றிருந்தேன். மூன்று வருடம் ஆகிறது.

இரண்டாம் சனிதோறும் நாகர்கோவிலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாகத்தான் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அக்கா கிடையாது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. செக்ரட்டரியின் ஏற்பாட்டில் 'சிறப்பு ஞாயிறு'. பதினோரு பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். அவர்களை முன்னால் உட்காரவைத்து, பேர் சொல்லி எழுப்பி, பொன்னாடை போர்த்தி, ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். பிறகு வெளியூரிலிருந்து வந்த சகோதரர் ஒருவர் சாலமோனின் காலைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஜெபித்தார். எழுந்து நடக்கச் சொன்னார். சாலமோன் எழவில்லை. விசுவாசம் போதவில்லை என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார் அந்தச் சகோதரர். நான் எழுந்து போய் மைக்கை அணைத்தேன். ஐயரம்மா செய்கிற காரியமா என்று ஊரே பேசுகிறது. பேசட்டும்.

சாயங்காலம் பொன்னாடையை மடித்துக்கொண்டு சாலமோன் வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"இதுல ரெண்டு ஜாக்கெட்டு தைக்கலாம், விடுங்க. நான் வந்தது வேற விஷயம். பீடத்துக்கு முன்னால மூணு படி இருக்குல்லா? எல்லாரும் ஏறிப் போயி முழங்கால் போட்டு வாங்குதாவ. எனக்கு மட்டும் கடைசியில எறங்கி வந்து குடுப்பாரு ஐயர். முப்பது வருஷமா அப்படித்தான். எனக்குப் போர்வை வேண்டாம் ஐயரம்மா. அந்த மூணு படி மேல ஒரு சாய்வு பலகை போடுங்க. எல்லாரும் வாங்கயில நானும் வாங்கணும்."

தச்சரை நாளைக்கே வரச்சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 12, இரண்டாம் சனி

போய் வந்தேன். விடுதியில் பார்வையாளர் நேரம் இரண்டு மணி முதல் நாலு வரை. நாலு மணி மணி அடித்ததும் பியூலாவே எழுந்து என் பையை எடுத்துக் கொடுப்பாள். வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்து "டாட்டா" சொல்வாள். அழ மாட்டாள். எவ்வளவு சமர்த்து என்று அங்கே எல்லாரும் மெச்சுகிறார்கள். நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

சாய்வுப் பலகை போட்டாயிற்று. சாலமோன் வண்டியோடு ஏறி இறங்கிப் பார்த்து, மறுபடியும் ஏறினார்.

கனகபாய் வீட்டுக்கு ஐந்தாவது முறையாகப் போனேன். ஆசீர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எத்தனை தடவை கேட்டும் சொல்லாதவள், வராத காரணத்தை இன்றுதான் சொன்னாள்.

"ஒத்தையா நிக்கணுமே ஐயரம்மா. அவன் சத்தம் போட்டா எல்லாரும் எங்களத்தான் திரும்பிப் பாப்பாவ. இவன மாதிரி இன்னொரு பிள்ள வரட்டும். சத்தியமா நானும் கூட்டிட்டு வாரேன்."

மற்ற வீடுகளிலும் கேட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் அதே பதில். முதலில் யாராவது ஒருவர்.

கிளம்பும்போது கனகபாய் சொன்னாள்: "நீங்க நல்லவங்கதான். உங்க வீட்டுல இல்ல, அதனால உங்களுக்குத் தெரியாது. நான் கொற சொல்லல."

ஜூலை 18, வெள்ளி

இட்லி மாவு புளித்துப்போய்விட்டது. வேறு விசேஷமில்லை.

ஜூலை 24, வியாழன்

சாலமோன் கடைக்குப் போனேன். வெள்ளையில் ஒரு சுடிதார் தைக்க வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். அக்கா மகளுக்கு என்றேன்.

"அளவு சட்ட கொண்டாந்திருக்கீங்களா?"

இல்லை. இந்த உயரம் இருப்பாள் என்று என் தோளுக்குக் கையை வைத்துக் காட்டினேன். இடுப்பு இவ்வளவு என்று இரண்டு கையையும் விரித்தேன்.

"ஐயரம்மா, இது சட்ட. கையக் காட்டித் தைக்க முடியாது. ஒரு பழைய துணி இருக்கும்லா வீட்டுல?"

இல்லை என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான் காட்டியதை டேப்பில் பிடித்து எழுதிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த நாக்கு அடங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

ஆகஸ்ட் 2, சனி

இவரிடம் சொன்னேன். வருகிற இரண்டாம் சனி போய்ப் பியூலாவைக் கூட்டிவரப் போகிறேன், மறுநாள் அவளோடு முன்வரிசையில் உட்காரப் போகிறேன் என்று.

நாளைய பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். "கமிட்டிக்கு என்னன்னு சொல்றது? மூணு வருஷமா ஏன் சொல்லலன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். நமக்கும் அதக் கேக்க ஆள் வேணும்."

மூடிய பேனாவைத் திறந்து, மறுபடியும் மூடினார். பிறகு சொன்னார்: "உன்னய இந்த ஊழியத்துல போட்டது எதுக்குன்னு நினைக்க? எனக்குத் தைரியம் இல்ல, லில்லி. உனக்கு வரும்னு நினைச்சேன்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து வருடமாக நான் மட்டும் பஸ் ஏறிப் போகிறேன். இவர் வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் முடிந்து. கையில் இருந்த தம்ளரை ஓங்கி வைத்தேன், காப்பி அவர் பிரசங்கத்தின் மேல் கொட்டியது. இரண்டு பேருமாகத் துடைத்தோம். துடைக்கும்போது அவர் அழுதார். எனக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கனகபாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரும் ஞாயிறு என் மகள் வருவாள், நீ ஆசீரைக் கூட்டிவா என்றேன்.

கையில் இருந்த இலையையும் கத்தரிக்கோலையும் கீழே வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அந்தப் படிவத்தைக் கரும்பலகையில் ஒட்டிவைத்தவளைத் திட்டினால் நியாயம்தான்.

"பத்து வருஷமாவா?" என்றாள்.

"ஆமா."

"பிள்ள பக்கத்துல இல்லாம எப்படிம்மா ஒறங்குதீங்க?"

ஐயரம்மா என்று சொல்லவில்லை. அம்மா என்றாள். ஆசீர் சுளகிலிருந்து ஒரு பீடி இலையை எடுத்து என் மடியில் வைத்தான்.

ஆகஸ்ட் 9, இரண்டாம் சனி

இதை எழுதத்தான் வேண்டும்.

காலையிலேயே ஜன்னலோர சீட்டு கிடைத்தது. வெள்ளைச் சுடிதார், முறுக்கு, அவளுக்கொரு புதுச் செருப்பு. விடுதித் தலைவியிடம் முன்பே போனில் பேசியிருந்தேன். "கூட்டிட்டுப் போங்கம்மா, உங்க பிள்ளதானே. ஆனா அவளுக்கு உங்ககூட வெளிய போய்ப் பழக்கமில்ல, பாத்துக்கிடுங்க" என்றார்.

சுடிதாரைப் போட்டுப் பார்த்தோம். கை முட்டிக்கு மேலே நின்றது. தோள் ஏறவே இல்லை. நான் காட்டிய உயரத்தைத் தாண்டி அவள் எப்போதோ வளர்ந்துவிட்டாள். மாதாமாதம் பார்க்கிறேன், கையைப் பிடித்து வாசல்வரை நடக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து அளந்து பார்த்ததில்லை. அவளைக் கவனிக்கிற ரூத் சிரித்துக்கொண்டே அவளுடைய நீலச் சட்டையை மாட்டிவிட்டாள்.

மூன்றரைக்கு, "வீட்டுக்குப் போவோமா?" என்றேன். சிரித்தாள். நாலு மணி அடித்தது. எழுந்தாள், பையை எடுத்து என் கையில் கொடுத்தாள், என்னைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தாள். கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்து, "நீயும் வா" என்று அவள் கையை இழுத்தேன். பியூலாவுக்குப் புரியவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். பத்து வருடமாக அப்படித்தான். நான் மறுபடியும் இழுத்தேன். கத்தத் தொடங்கினாள். கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரூத் ஓடிவந்ததும் அவள் மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அங்கிருந்தபடியே ஒரு கையை மட்டும் என் பக்கம் ஆட்டினாள். டாட்டா. போ என்று.

நான் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன், கனகபாயிடம் ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று. அனுப்பவில்லை. அனுப்ப எனக்கு முகமில்லை.

அவள் வந்துவிட்டாள். முதல் மணிக்கே. தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு ஆசீர். முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம்விட்டுப் பையை வைத்திருந்தாள். நான் தனியாக நடந்துவருவதைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"பிள்ள எங்கம்மா?"

"வரமாட்டேன்னுட்டா."

அவள் எழுந்து போயிருக்கலாம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம்விட்டாள்.

முதல் பாட்டிலேயே ஆசீர் சத்தம் போட்டான். எல்லாத் தலையும் திரும்பியது. கனகபாய் குனிந்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சத்தமாகப் பாடினேன். எனக்குப் பாட வராது என்று சபைக்கே தெரியும். பின்னாலிருந்து சாலமோனும் தொண்டையைத் திறந்தார். கொஞ்சப் பேர் முன்னால் திரும்பிக்கொண்டார்கள். இரண்டு குடும்பம் எழுந்து பின்வரிசைக்குப் போனது. போகட்டும்.

அறிவிப்பு நேரத்தில் நான் எழுந்து நின்றேன். பெண்கள் அந்த இடத்தில் பேசுவது வழக்கமில்லை. செக்ரட்டரி கையிலிருந்த காகிதத்தை இறக்கினார். இவர் பீடத்திலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். நான் ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். ஐயருக்கு ஒரே மகன் இல்லை, ஒரு மகளும் உண்டு, பெயர் பியூலா. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை, நல்லது.

மத்தியானம் கரும்பலகையிலிருந்து படிவம் எண் 1-ஐ எடுத்தேன். நான்காவது கேள்வியில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுதினேன். ஐந்தாவது கேள்வி: ஆலயத்துக்கு வராததற்குக் காரணம். படிக்கட்டு இல்லை. வாகனம் இல்லை என்று சொல்ல முடியாது, பஸ் இருக்கிறது. நோய் இல்லை.

அந்தக் கோணல் கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். இவரும் போட்டார். திரும்ப ஒட்டிவிட்டோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடுதியிலிருந்து எழுதுகிறேன். ஒரு வாரம் தங்க விருந்தினர் அறை கொடுத்திருக்கிறார்கள். இவர் ஞாயிறு ஆராதனை முடித்து வருகிறார். செப்டம்பருக்குள் பியூலா என்னோடு கேட்டைத் தாண்டுவாளா என்று ரூத்திடம் கேட்டேன். தெரியாதும்மா என்றாள். பொய் சொல்லாததற்கு நன்றி சொன்னேன்.

ஆசீரைப் பேராயர் வரும் நாளில் திடப்படுத்தலாம் என்று கடிதம் வந்துவிட்டது. கனகபாய் போனில் அழுதாள். எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் மட்டும்தான் என்று எழுத முடியவில்லை.

இன்று நாலு மணிக்குப் பியூலா என் பையை எடுத்துக் கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். என் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலைக் காட்டினாள். "டாட்டா" என்றாள், பிறகு இன்னும் உரக்க. ஐந்து மணிக்கு அழுதாள், நான் ஏதோ தப்பு செய்கிறேன் என்பதுபோல. நான் எழவில்லை. சாப்பாட்டு மணிக்கு முன்னால் அலுத்துப்போய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையின் ஜிப்பைத் திறந்தாள். இத்தனை வருடம் தூக்கிக் கொடுத்த பைக்குள் என்ன இருக்கிறது என்று இன்றுதான் பார்க்கிறாள். என் சேலை, துண்டு, மாத்திரை, சீப்பு.

சீப்பை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

பின்னலை அவிழ்த்தேன். அடர்த்தியான முடி, என் அம்மாவின் முடி. சிக்கெடுத்து முடித்துச் சீப்பை நெற்றிக்குக் கொண்டுவந்தேன். வகிடு எந்தப் பக்கம் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ரூத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.